வாலும் பொய், நெற்றியும் பொய்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்கு மூக்கு இருக்கக் கூடாது. மிளகாய் வற்றல் கமிஷன் கடைப் பெட்டியைத் திறந்தால் தும்மல் சாயங்காலம் வரை நிற்காது. பிரியாணிக் கடையில் பில் போடும் பெட்டிக்குள் விசிறி முழுக்கக் கொழுப்பு படிந்து கிடக்கும். ஊதினால் மசாலா மணக்கும், அதற்கப்புறம் ஒரு வாரம் மட்டன் தொண்டையில் இறங்காது. கரப்பான் குடும்பம் நடத்திய பிரிண்டரையும் பார்த்துவிட்டு, கையைக் கழுவி, சோறு தின்றவன்தான் நான். ஆனால் சங்கரன்கோவிலில் ஒரு மாடியில் இயங்கும் திருமணத் தகவல் மையத்தில் ஒரு ஃபோல்டரைத் திறந்தபோது வந்த குமட்டல் வேறு ரகம். அதில் நாற்றமே இல்லை. வெறும் கோப்புகள்.

அந்த மையத்தை நடத்தும் அண்ணாச்சிக்கு விரலில் எச்சில் தொட்டுத்தான் எதையும் தொட வரும். ஜாதகக் கட்டுக்கு எச்சில், நோட்டுக்கு எச்சில், மவுசுக்கும் எச்சில். விசைப்பலகையில் திருநீறு உதிர்ந்து, அதன்மேல் எச்சில் பட்டு, சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். எண்டர் பட்டனை அழுத்தினால் அது கீழே போகும். மேலே வருவது அதன் இஷ்டம். அங்கே போகும்போது பையில் சொந்த விசைப்பலகையோடுதான் போவேன். "என்னவே, நம்ம வீட்டுச் சாப்பாடு பிடிக்காதோ?" என்பார் அண்ணாச்சி.

இந்த வேலைக்கு என்னை இழுத்துவிட்டது ஒரு பெண். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். ஒரு நாள் மதியம் சீருடையோடு என் கடைக்குள் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கேட்டார்.

"அண்ணே, மாடியில கல்யாண ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கது நீங்கதானா?"

"ஆமா. யாருக்கு வரன்?"

"எனக்குத்தான். ஆனா எனக்குக் கல்யாணம் ஆயிட்டு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பைப் பாதியில் விழுங்கினேன், விக்கல் வந்தது.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவர் விவரத்தை அந்த மையத்தில் பதிந்திருந்தார்கள். மாப்பிள்ளை அமைந்ததும் அண்ணாச்சியிடம் சொல்லி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். கொஞ்ச நாளில் ராயகிரியிலிருந்து போன்: "பொண்ணு இன்னும் இருக்காம்மா?" மறுபடி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். அடுத்து குருவிகுளம் பக்கமிருந்து போன். ஒவ்வொரு தடவையும் பெண் அடுக்களையில் நிற்க, கூடத்தில் கிடக்கும் போனை மாமியார் எடுத்துவிடுகிறார்.

"போன வாரம் ஒருத்தர் எங்க அத்தைகிட்ட, 'பொண்ணுக்கு நீங்க என்ன முறை'ன்னு கேட்டுருக்காரு. மாமியாருன்னு சொல்லிருக்காங்க. அதுக்கு அவரு, 'அப்போ இது ரெண்டாந்தாரமா, பரவால்ல, நமக்கும் அப்படித்தான்'னு சொல்லிட்டாரு."

அன்றிலிருந்து மாமியார் நேரே பார்த்துப் பேசுவதில்லையாம். சுவரைப் பார்த்து, 'சோறு வேணும்கிறவங்க போட்டுத் திங்கலாம்' என்று பேசுகிறாராம். பக்கத்து வீட்டில் போய், 'நம்ம வீட்டுப் பிள்ளை இன்னும் வேற இடம் பாக்காளோ என்னமோ' என்றும் சொல்லிவிட்டாராம். 

"இன்னொரு போன் வந்தா எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன் அண்ணே. விளையாட்டுக்குச் சொல்லல."

"இதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்கு முடிச்சிருதேன்" என்றேன். நான் அப்படிச் சொன்ன எந்த வேலையும் இதுவரை மறுநாள் முடிந்ததில்லை.

மாடி ஏறிப் பார்த்ததும் கோளாறு எங்கே என்று தெரிந்தது. மையத்தின் புதிய மென்பொருளில் 'சேர்' என்று ஒரு பட்டன். அண்ணாச்சி காலையில் ஊதுவத்தி காட்டிவிட்டு அதை அழுத்துவார். பழைய ஃபோல்டரில் எந்தக் காலத்துக் கோப்பு இருந்தாலும், அதிலுள்ள வரன்களையெல்லாம் அது அள்ளிக்கொண்டு வந்து புதிய பட்டியலில் கொட்டும். பட்டியலில் இல்லாத ஆளைப் பார்த்தால் புதுசு என்று நினைத்துச் சேர்த்துக்கொள்ளும். இவர் முந்தின நாள் அழித்தது மறுநாள் காலை ஊதுவத்தி வாசத்தோடு உயிர்த்தெழும்.

"பட்டனை அழுத்தாம இருங்க அண்ணாச்சி."

"தொழிலை மூடச் சொல்லுதீரா?"

"பழைய கோப்பை எல்லாம் தூக்கிப் போட்ருவோம்."

"ஊரான் பிள்ளைக ஜாதகத்தைக் குப்பையில போட்டா எந்தக் குளத்துலவே பாவத்தைக் கழுவ?"

ஆக, எல்லாப் பழைய கோப்புகளுக்குள்ளும் போய் அந்த ஒரு பெண்ணை மட்டும் எடுக்க வேண்டும். கையால் முடியாது, கோப்புகள் அவ்வளவு. கட்டளைத் திரையில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி நிரல், எழுதுவோம் என்று முடிவு செய்தேன். ஃபோல்டரை மேய்ந்து, எது தரவுத்தளம் என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் அதனதன் மொழியில் திறந்து, இந்தப் போன் நம்பர் இருக்கிற வரியை அழிக்க வேண்டும். ஒரே ஒரு கோப்பை விட்டாலும் மறுநாள் காலை அவர் திரும்பி வந்துவிடுவார்.

முதல் ஸ்கிரிப்டை வாலைப் பார்த்து எழுதினேன். கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஒட்டியிருக்குமே, அந்த வால். இந்த வால் என்றால் அக்சஸ், இந்த வால் என்றால் டிபேஸ், இந்த வால் என்றால் எஸ்க்யூலைட், மூன்றும் தரவுத்தள ரகங்கள். டீ வருவதற்குள் ஓடி முடிந்தது. 'வேலை முடிந்தது' என்று திரையில் பச்சை எழுத்தில் என்னை நானே பாராட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் அந்தப் பெண் கடை வாசலில் நின்றார்.

"சிவகிரியில இருந்து போன் வந்துச்சு. மாப்பிள்ளை மிலிட்டரியாம்."

திரும்பப் போய் அந்த ஃபோல்டரை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். குமட்டல் அப்போதுதான் வந்தது. மெயிலில் தரவுத்தளக் கோப்பை அனுப்பினால் மெயில் ஏற்பதில்லை என்று, வரன் பரிமாற்றத்துக்குக் கோப்பு அனுப்பும் கடையநல்லூர் மையத்துக்காரர் எல்லாவற்றுக்கும் ஜேபிஜி வால் ஒட்டி அனுப்பியிருந்தார். ராயகிரிக்காரர் பிடிஎஃப் வால். ஒரு கோப்பின் வால் 'பழசு', இன்னொன்றின் வால் 'பழசு பழசு'. இன்னொன்றுக்கு வாலே இல்லை. பெயர் மட்டும் 'அத்தான் அனுப்பியது'. அண்ணாச்சி தம் கையால் சேமித்தவை அத்தனைக்கும் வால் 'சுபம்'.

"இது என்ன அண்ணாச்சி?"

"எந்த விஷயமும் சுபம்னு முடியணும்லாவே. கல்யாண ஆபீஸ்லா?"

குப்பைத் தொட்டியில் கையை விட்டால்கூட வாழைப்பழத் தோல் வாழைப்பழத் தோலாக இருக்கும். இங்கே எதுவும் அதுவாக இல்லை.

சரி, வால் பொய் சொல்லும். கோப்பின் உள்ளே பார்த்துவிடுவோம் என்று இரண்டாவது ஸ்கிரிப்டைத் தொடங்கினேன். தரவுத்தளக் கோப்புகளில் பெரும்பாலானவை நெற்றியிலேயே பட்டை போட்டுக்கொண்டுதான் பிறக்கும். எஸ்க்யூலைட் என்றால் முதல் வரியிலேயே தன் பெயரை முழுசாகச் சொல்லிவிடும். அக்சஸ் நாலு எழுத்து தள்ளிச் சொல்லும். பெயரை எப்படி மாற்றினாலும் நெற்றிப் பட்டை மாறாது. இந்த டிபேஸ் என்கிற கிழம் மட்டும் ஒற்றைப் பொட்டு. முதல் பைட், அதாவது கோப்பின் முதல் எண், மூன்று என்றிருந்தால் டிபேஸ், அவ்வளவுதான் அதன் லட்சணம். உலகத்தில் மூன்றில் ஆரம்பிக்கும் எதுவும் வந்து 'நானும் டிபேஸ்தான் மாமா' என்று உறவு கொண்டாடலாம்.

கொண்டாடியது. ஏதோ பிரிண்டர் கோப்பு ஒன்றை என் ஸ்கிரிப்ட் டிபேஸ் என்று நம்பி, உள்ளே போய், பதிந்த தேதியைப் படித்தது. மாதம் நாற்பத்தேழு என்று வந்தது.

"அண்ணாச்சி, நாப்பத்தேழாம் மாசத்துல முகூர்த்தம் உண்டா?"

"பஞ்சாங்கம் பாக்கணும்" என்று நிஜமாகவே பஞ்சாங்கத்தை எடுத்து, விரலில் எச்சில் தொட்டார்.

பொட்டை மட்டும் நம்பக் கூடாது என்று அங்கே புத்தி வந்தது. மாதம் பன்னிரண்டுக்குள் இருக்கிறதா, தேதி முப்பத்தொன்றைத் தாண்டுகிறதா, தலைப்பகுதி சொல்லும் நீளமும் கோப்பின் நீளமும் ஒத்துப் போகின்றனவா என்று நாலு கேள்வி கேட்டபின்தான் டிபேஸ் என்று ஒத்துக்கொள்ளும்படி மாற்றினேன். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள்.

தப்பு சொன்னேன். அதைவிட அதிகம் கேட்பார்கள். அன்றைக்குத்தான் கோப்புகளுக்குள் இருந்த 'குறிப்பு' என்ற கட்டத்தைப் படித்தேன். ஒவ்வொரு வரனுக்கும் எதிரே அண்ணாச்சி தம் வசதிக்காக எழுதி வைத்தது. 'நிறம் சுமார், போட்டோவில் லைட் போட்டது.' 'பல் பார்க்கவும்.' 'நடை சரியில்லை, உட்கார வைத்தே காட்டுவார்கள்.' சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பார்க்கிறவன்கூட அதை எழுதி வைக்க மாட்டான். வாயில் இருந்த டீ கசந்தது. கீழே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து அடுத்த வரியைப் பார்த்தால் அங்கே நான். கல்யாணத்துக்கு அலைந்த காலத்தில் என் அப்பா பதிந்தது. 'கம்ப்யூட்டர் கடை. சொந்தத் தொழில் என்று சொல்லிக்கொள்கிறார். முன்வழுக்கை, போட்டோவில் தொப்பி. நேரில் காட்டாமல் முடிப்பது நல்லது.' சற்றுமுன் பெண்களுக்காகக் கொதித்த என் தர்ம ஆவேசம் சட்டென்று என் தலைக்காக மட்டும் கொதிக்க ஆரம்பித்தது. என் மனைவி வேறு வழியாக வந்தது என் அதிர்ஷ்டம். அண்ணாச்சி பஞ்சாங்கத்தில் நாற்பத்தேழாம் மாதத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அந்த வரியை அழித்தேன். தொழில் தர்மம் அன்றைக்கு விடுப்பு.

இரண்டாவது ஸ்கிரிப்ட் ஓடியது. படம், பிடிஎஃப் என்று வேஷம் போட்டதெல்லாம் பிடிபட்டது. பெண்ணின் வரிகளும் வரிசையாக அழிந்தன. கடைசியில் ஒரு கூட்டம் கோப்புகள் மட்டும் மிஞ்சின. நெற்றியில் எனக்குத் தெரிந்த எந்தப் பட்டையும் இல்லை. அவற்றை என் ஸ்கிரிப்ட் 'தெரியாது' என்று சொல்லித் தள்ளி வைத்தது. நான் என்ன செய்தேன்? 'தெரியாது' என்பதை 'தரவுத்தளம் இல்லை' என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரியவில்லை என்றால் அது உலகத்திலேயே இல்லை என்பது என் பள்ளிக்காலக் கொள்கை. கணக்குப் பரீட்சையில் என்னைப் பலமுறை கைவிட்ட கொள்கையும் அதுவே.

அடுத்த போனையும் மாமியாரே எடுத்தார். இந்தத் தடவை பெண் தனியாக வரவில்லை. நேரே மாடிக்கு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மாமியாருக்குக் கனத்த உடம்பு, காதில் கல் கம்மல், கையில் மடித்த பை. மாப்பிள்ளை வீட்டாருக்கென்று போட்டிருக்கும் மெத்தை நாற்காலியில், யாரும் சொல்லாமல், நடுவாக உட்கார்ந்தார்.

"இவ சொல்லுதா, மிஷினு தானா பேரைச் சேக்குதாம். நான் கண்ணால பாக்காம நம்ப மாட்டேன். எவளாவது பேரு குடுக்காம மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

பெண் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் என் சட்டையைப் பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வேறு வழியில்லாமல், முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன். தள்ளி வைத்த கோப்புகளில் ஒன்றின் முதல் வரியைத் திரையில் காட்டச் சொல்லிக் கண்ணால் பார்த்தேன். எஸ்க்யூலைட் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கேதான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், எல்லாவற்றுக்கும் முதலாக, ஓர் எழுத்து.

உ.

அடுத்த கோப்பைப் பார்த்தேன். உ. அதற்கடுத்தது. உ. அத்தனைக்கும் பிள்ளையார் சுழி.

"அண்ணாச்சி, கோப்புக்குள்ள உ போட்டது யாரு?"

"போடாம?" என்றார், நான்தான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவன் போல. "சுழி போடாம ஒரு காரியத்தை ஆரம்பிப்பாகளாவே? பழைய சாஃப்ட்வேர் எழுதும்போதே சொல்லிட்டேன், பேப்பரானாலும் கம்ப்யூட்டரானாலும் முதல் எழுத்து அதான்னு. அதை எழுதின கடையநல்லூர்த் தம்பி தங்கமான பிள்ளை. பிஸ்மில்லான்னு சொல்லிட்டு உக்காந்து, அத்தனைக்கும் சுழி போட்டுக் குடுத்துட்டுல்லா துபாய் போச்சு. இந்தப் புது சாஃப்ட்வேரும் அங்கன இருந்து அதுதான் எழுதி அனுப்புச்சு."

அதனால்தான் 'சேர்' பட்டனுக்கு அந்தச் சுழியைத் தாண்டிப் படிக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தமிழில் அந்த ஓர் எழுத்து கோப்புக்குள் மூன்று பைட் இடம் பிடிக்கும். பட்டை மூன்று பைட் கீழே நழுவி மூக்கில் நிற்க, நான் நெற்றியை மட்டும் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் சுபம் என்று முடிக்கிற மனிதர் எப்படி ஆரம்பிப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிப்பது என் விலைப்பட்டியலில் இல்லை.

அங்கேயே, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவது ஸ்கிரிப்டை எழுதினேன். வாலை நம்பாதே. நெற்றியையும் தனியாக நம்பாதே. கொஞ்சம் கீழேயும் தேடு. பட்டை கிடைத்தாலும் உடம்பு பொருந்துகிறதா பார். எஸ்க்யூலைட் சம அளவுப் பக்கங்களால் ஆனது. சுழியைக் கழித்துவிட்டு, கோப்பின் நீளத்தைப் பக்க அளவால் வகுத்தால் மீதி வரக் கூடாது. அதற்கப்புறமும் சுழியை எடுத்துவிட்ட ஒரு நகலைத் திறந்து, உள்ளே என்னென்ன அட்டவணை இருக்கிறது என்று கேள். பதில் சொன்னால்தான் அது தரவுத்தளம். எதுவுமே புரியவில்லை என்றால் 'தெரியாது' என்று கத்திவிட்டு நில். முடிந்தது என்று பச்சை எழுத்தில் பசப்பாதே. இந்தக் கடைசி வரியை ஸ்கிரிப்டுக்காக எழுதினேனா எனக்காக எழுதினேனா என்று கேட்க வேண்டாம்.

"வேலை முடிஞ்சதும் சுழியைத் திரும்பப் போட்ருமவே" என்றார் அண்ணாச்சி. போட்டேன்.

ஓட விட்டேன். அழிக்கும் முன் ஒவ்வொரு வரியையும் திரையில் காட்டும்படி எழுதியிருந்தேன். என் கண்ணுக்காக எழுத்தும் பெரிசு. பெண்ணின் வரி வந்தது.

"என்ன எழுதிருக்கு? கண்ணாடி எடுத்துட்டு வரல. படிட்டி" என்றார் மாமியார்.

பெண் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். பிறகு பரிசோதனை முடிவைப் படிக்கிற குரலில் படித்தார்: "'ஏற்கெனவே நிச்சயம் ஆகி நின்றது. வாய் ஜாஸ்தி.'"

"வாய் உள்ளதுதான்" என்றார் மாமியார்.

எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் மாமியார் விடவில்லை. "எம் மவன் ஜாதகமும் இங்கனதான் குடுத்தோம். அவனையும் தேடுங்க. நாளைக்கு அவனுக்கு எவ வீட்டுலயாவது போன் போட்டா?"

தேடினேன். வந்தது. பெண் படிக்க ஆரம்பித்து, நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"என்னட்டி?"

"'பையன் தங்கம்.'"

"ம். பொறவு?"

"'தாயார் குணம் பற்றி நன்றாக விசாரிக்கவும். முந்தைய இரண்டு இடம் அதனால் நின்றது.'"

அண்ணாச்சி திடீரென்று ஜாதகக் கட்டு ஒன்றை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார், தலைகீழாக.

"எந்த ரெண்டு இடம்?" மாமியாரின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "பொண்ணு நிறம் பத்தலன்னு நீருதானவே எங்ககிட்ட சொன்னீரு? அவங்ககிட்ட என்னைச் சொல்லிருக்கீரு?"

"அது... யாவாரம்னா நாலையும் எழுதித்தான் வைக்கணும் அக்கா."

"எம் மருமவ வாயைப் பத்தி எழுத நீரு யாரு? அவ வாய் எங்க வீட்டு வாய். நான் திட்டுவேன், நான் வச்சுக்குவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தக் குறிப்பு எழவு மொத்தத்தையும் அழிங்க. எங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். அதுவரைக்கும் இந்த நாற்காலியில இருந்து எந்திரிக்க மாட்டேன்."

அண்ணாச்சி தொழில் போச்சு என்றார், குலசாமி பேரைச் சொன்னார், தண்ணீர் குடித்தார். கீழே ஒரு மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. மாமியார் பையை மடியில் இன்னும் வசதியாக வைத்துக்கொண்டார்.

"அழிச்சுத் தொலையும்வே!" என்று கடைசியில் அண்ணாச்சி என்னிடம் கத்தினார்.

ஒரே கட்டளை. எல்லாக் கோப்புகளிலும் பெண்ணின் வரியும் கணவர் வரியும் அழிந்தன, அந்தக் கட்டமும் காலியானது. அழித்தாலும் கோப்புக்குள் தடம் மிச்சமிருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் சுருக்கித் துடைத்தேன். அதற்கப்புறம் பெண்ணையே 'சேர்' பட்டனை அழுத்தச் சொன்னேன். மவுசின் மேலிருந்த எச்சில் கறையைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் மூடி அழுத்தினார். பட்டியல் ஓடி நின்றது. அவர் பெயரைத் தேடினோம். இல்லை. அவர் கணவர் பெயரும் இல்லை.

அவர்கள் படி இறங்கும்போது மாமியார் பையை மருமகளிடம் கொடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் மேலே ஏறி வருமுன், அண்ணாச்சி போனை எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினார்: "எழுத்துல வேண்டாம், வாயால சொல்லுதேன், மனசுல குறிச்சுக்கிடும். பொண்ணு நல்ல பொண்ணுதான். பல்லுதான் கொஞ்சம்..." என் விசைப்பலகையைப் பையில் போடுமுன் அதைத் துடைத்தேன். அதை அவர் தொட்டதுகூட இல்லை. இருந்தும் துடைத்தேன்.

பிறகு சர்க்கரை பார்க்க அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தபோது, அந்தப் பெண்தான் ரத்தம் எடுத்தார். போன் வருகிறதா என்று கேட்டேன்.

"கல்யாண போன் ஒண்ணும் வரல அண்ணே. ஆனா இப்ப தெரியாத நம்பர் எது வந்தாலும் அத்தைதான் ஓடிப்போய் எடுக்காங்க. நேத்து லோன் வேணுமான்னு கேட்டு ஒரு பிள்ளை பேசிருக்கு. 'எங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுலதான் இருப்பா, வைட்டி போனை'ன்னு ஒரே சத்தம். அந்தப் பிள்ளை பயந்து ஸாரி சொல்லிட்டு வச்சிட்டு."

சொல்லிவிட்டு, என் கையில் நரம்பு தட்டுப்படவில்லை என்று இன்னொரு இடத்தில் குத்தினார்.